வறட்சி வேறு, பஞ்சம் வேறு

ஆங்கிலத்தில் 'டிரௌட்' என்று ஒரு சொல் உண்டு. 'பேமின்' என்று மற்றொரு சொல் உண்டு. இரண்டும் ஒன்றே என்று நம்மவர்களிற் பலர் எண்ணியிருக்கின்றனர். பேச்சில் மட்டுமன்று, சர்க்காருக்கு எழுதும் மனுக்களிலும், மேடைப் பிரசங்கங்களிலும், சில சமயம் நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களின் பத்திகளிலும் இவ்விரண்டும் இடம் மாறி நிற்கின்றன. ஒரு சொல்லுக்குப் பதில் மற்றொரு சொல் வந்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். கோவில்பட்டிக் கரிசலில் குடி முழுகத்தான் செய்தது. முழுகுவதற்கு அங்கே நீர்தான் இல்லை.

2016-ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள ஒரு சிற்றூருக்கு நாம் சென்றிருந்தோம். வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் பெய்த ஒரு மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தார்கள். முளைத்தது, முளைத்த பயிர் நாலிலை விடுமுன்னே கருகியது. வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து ஐப்பசிக் கடைசியில் மறுபடியும் விதைத்தார்கள். இரண்டாவது விதைப்பு முளைக்கவே இல்லை. ஊரார் கூடி ஒரு மனுத் தயாரித்தனர். கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவர் அதனைத் தமிழில் எழுதி, மேலதிகாரிகளின் பார்வைக்கென்று ஆங்கிலத்திலும் எழுதினார். தமிழில் 'எங்கள் ஊரில் பஞ்சம்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'பேமின்' என்று இருந்தது. அம்மனு ஒரு சர்க்கார் அலுவலகத்தின் மேசைமீது ஐந்து நிமிஷங்கூடத் தங்கவில்லை. "பேமினா? உங்கள் ஊரில் பட்டினியால் இறந்தவர் யார்? ரேஷன் கடையில் அரிசி போடவில்லையா?" என்று கேட்டு அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

திருப்பிக் கொடுத்தவர் கேட்ட கேள்வி, சொல்லளவில் பார்த்தால், சரியான கேள்வியே. அவ்வூரில் பட்டினியால் எவரும் இறக்கவில்லை. ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள். ஆனால் வயலில் கருகிக் கிடந்த பயிர் அக்கேள்வியால் பச்சையாகிவிடவில்லை. "அண்ணாச்சி, அகராதியைப் பார்த்துத்தானே போட்டேன்?" என்று அவ்விளைஞர் நம்மிடம் மிக்க வருத்தத்துடன் கேட்டார். அவரைத் தேற்றுவதற்காக அன்று சொன்ன சில விஷயங்களையே சற்று விரித்து இங்கு எழுதுகிறோம்.

'டிரௌட்' என்ற ஆங்கிலச் சொல், உலர்ந்தது என்று பொருள்படும் 'டிரை' என்பதோடு ஒரே வேரில் பிறந்தது. நமது 'வறட்சி'யும் 'வறள்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே இவ்விரண்டும் பொருத்தமான ஜோடி. 'பேமின்' என்பதோ பசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியே வந்தது. முன்னது மண்ணையும் வானத்தையும் பற்றியது. பின்னது வயிற்றைப் பற்றியது. வடமொழி வாணர்கள் இவ்வேற்றுமையை நன்கு அறிந்து, மழையின்மையை அநாவிருஷ்டி என்றும், உணவின்மையை க்ஷாமம் என்றும் தனித்தனியே வழங்கினர். நமது முன்னோர் தமிழிலோ இரண்டும் பெரும்பாலும் கலந்தே வருகின்றன. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் தோன்றியதாகவும், பசி மிகவே அரசன் புலவர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பிவைத்ததாகவும் இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. அங்கு வற்கடம் என்ற ஒரே சொல் வானத்தின் குற்றத்தையும் வயிற்றின் துயரத்தையும் சேர்த்தே சுமக்கிறது. மழை பொய்த்தால் பசி வந்தே தீரும் என்று இருந்த காலத்தில் அதற்கு ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கலாம்.

இன்றைய பேச்சிலோ 'பஞ்சம்' என்ற சொல் படும் பாடு சொல்லி முடியாது. தண்ணீருக்குப் பஞ்சம், விறகுக்குப் பஞ்சம், கல்யாணத்திற்குப் பெண் பஞ்சம்! ஊரை விட்டுக் கூலிக்குப் போகிறவன் பஞ்சம் பிழைக்கப் போகிறான். சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு விலைவாசியை ஒட்டி உயர்த்திக் கொடுக்கும் படிக்கும் 'பஞ்சப்படி' என்றே பெயர். நாட்டில் 'பேமின்' எங்கே என்று எவரும் கேளாமலே இப்பஞ்சப்படி காலந்தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. கரிசல்காட்டு விவசாயி அதே சொல்லை எழுதிக் கொடுத்தால் மட்டும் பிணத்தைக் காட்டு என்கிறார்கள்.

ஆங்கிலச் சொற்களுக்கு நேரான தமிழ் கிடைக்காமல் திண்டாடுவது இக்கரிசலுக்குப் புதிதன்று. கோவில்பட்டிக்குச் சமீபத்திலுள்ள எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், 'மெம்பர்' என்ற ஒரு சொல்லுக்குத் தக்க தமிழ் தேடி அலுத்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 'மெம்பர்' என்பதை எப்படி மொழிபெயர்த்தாலும் ஒருவருக்கும் சோறு குறைந்துவிடாது. நாம் எடுத்துக்கொண்ட இவ்விரு சொற்களின் சங்கதி அப்படிப்பட்டதன்று.

முதலில் வறட்சியைப் பார்ப்போம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய பகுதிகளில் ஆண்டுச் சராசரி மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தரவேண்டியது. இங்குள்ள மண் களி மிகுந்த கருமண். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் மாட்டின் குளம்பு உள்ளே போகுமளவு வெடிக்கும். இம்மண்ணின் பெருமை யாதெனில், ஒருமுறை வயிறு நிறையக் குடித்துவிட்டால் அந்த ஈரத்தை வெகு நாள் பிடித்துவைத்திருந்து, மழை நின்ற பிறகும் பயிரை வளர்த்துவிடும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி யாவும் இந்தச் சேமிப்பை நம்பியே இங்கு விளைந்தன. 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டதற்கு இம்மண்ணின் தனிக் குணமே காரணம்.

ஆகவே இங்கு முக்கியம் மழையின் அளவைவிட அதன் வேளை. உழவு மழை ஆவணியில் வரவேண்டும். விதைப்பு மழை புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரவேண்டும். பயிர் முகம் கண்ட பிறகு இரண்டு மூன்று மழை இடைவிட்டுப் பெய்யவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், ஆண்டு முடிவில் மழைமானியின் கணக்குச் சரியாக இருந்துகொண்டே வயல் வெறுமையாகிவிடும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லாவில் பெருவெள்ளம் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழைக்கு மேற்பட்டதை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போயிற்று. அவ்வாண்டின் மொத்தக் கணக்கில் அந்த மழையும் சேர்ந்துவிடும். ஆனால் அதனை எவரும் விதைப்பு மழை என்று சொல்லமாட்டார்கள். சராசரியைப் பார்த்து வறட்சி இல்லை என்று கூறுவது எவ்வளவு பிசகு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இனிப் பஞ்சம். இதற்கு நாம் தாது வருஷத்திற்குப் போகவேண்டும்.

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. 1877-இலும் மழை காலத்தில் பெய்யவில்லை. சென்னை மாகாணம் முழுவதும் அல்லற்பட்டது. சேலம், கோயம்புத்தூர், பல்லாரி, கடப்பை, கர்னூல் ஜில்லாக்களின் நிலைமை மிகக் கொடிது. இந்தியாவில் பிரிட்டிஷார் நேராக ஆண்ட பகுதிகளில் மட்டும் மடிந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று அவர்களே நியமித்த கமிஷன் பின்னர்க் கணக்கிட்டது. இப்பெருங்கேட்டிற்கு மழையே காரணம் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் வெகு காலம் சொல்லி வந்தன. வானம் பொய்த்தது, ஜனங்கள் மாண்டனர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் இடையே நடந்தவை பல.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876-இல்தான். கோவில்பட்டி அப்பாதையில் உள்ள ஸ்டேஷன். ரயில் வந்துவிட்டது, இனித் தானியம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஓடிவரும், பஞ்சம் என்ற பேச்சே இராது என்பது அக்காலத்து ஆட்சியாளரின் நம்பிக்கை. தானியம் எங்கே ஓடும்? விலை கொடுப்பவன் இருக்கும் இடத்திற்கு ஓடும். கரிசலில் பருத்தி போட்டவன் பருத்தியை விற்றுத்தான் கம்பும் சோளமும் வாங்கவேண்டும். பருத்தி விளையவில்லை என்றால் அவன் கையில் காசு இல்லை. கையில் காசு இல்லாதவனுக்கு ஸ்டேஷன் கிடங்கில் மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கியிருந்தும் பயன் இல்லை. நிலமே இல்லாத கூலிக்காரனின் கதி இன்னும் மோசம். உழவு இல்லை என்றவுடனே அவனுடைய கூலி நின்றது. கூலி நின்ற அதே வாரத்தில் தானிய விலை ஏறிற்று. அந்தப் பஞ்ச ஆண்டுகளிலேயே இந்தியக் கோதுமை பெருமளவில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது என்பதையும் இவ்விடத்தில் சேர்த்து நினைவுகூர வேண்டும்.

சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு நிலைமையை உணர்ந்து, சர்க்கார் செலவில் சுமார் 30,000 டன் அரிசி வாங்க ஏற்பாடு செய்தார். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்று வைசிராய் லிட்டன் பிரபுவின் கவர்ன்மெண்டு அதனைக் கண்டித்தது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி விக்டோரியா மகாராணியாரை இந்தியச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்யும் தர்பார் டில்லியில் வெகு ஆடம்பரமாக நடந்தேறியது. அதே மாதத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் செலவைக் கட்டுப்படுத்தத் தென்னாட்டிற்கு அனுப்பினார்கள். கல்லுடைத்தும் மண் சுமந்தும் வேலை செய்யும் ஆண்மகன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறை அற்பக் காசும் போதும் என்று அவர் விதித்தார். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அவ்வளவு கொண்டு உழைப்பவன் உயிர் வாழ முடியாதென்று வாதாடினார். சென்னைச் சர்க்கார் பின்னர்க் கூலியைச் சற்று உயர்த்தியது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் அப்படியைத் தின்றே மெலிந்துபோயினர்.

இந்த டெம்பிள் துரையின் பூர்வ சரித்திரம் கவனிக்கத்தக்கது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1873-74-இல், பீஹாரில் மழை பொய்த்தது. அப்போது அங்கு நிவாரண வேலையை நடத்தியவர் இவரே. பர்மாவிலிருந்து சுமார் 4½ லட்சம் டன் அரிசி வரவழைக்கப்பட்டது. வேலை செய்ய முடிந்தவர்களுக்கு வேலையும், முடியாதவர்களுக்குத் தானமும் கொடுத்தார்கள். பட்டினியால் மாண்டவர்கள் மிகச் சொற்பம். வறட்சி வந்தது, பஞ்சம் வரவில்லை. இதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அன்று. பொக்கிஷத்தை வீணாக்கினார் என்ற வசை! அந்த வசையைத் துடைத்துக்கொள்ளவே அவர் நம் நாட்டிற்கு வந்து, ஒரு பவுண்டு தானியத்தை அளந்து போட்டார் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகின்றனர். பீஹாரில் மழையை வருவித்தவரும் அவரல்லர். சென்னையில் மழையைத் தடுத்தவரும் அவரல்லர். அநாவிருஷ்டி இரண்டிடத்திலும் உண்டு. க்ஷாமம் ஓரிடத்தில் நேரவில்லை, மற்றோரிடத்தில் நேர்ந்தது. 'டிரௌட்' என்பதற்கும் 'பேமின்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட இளைஞரிடம் நாம் அகராதியை விட்டுவிட்டு இவ்வொரு மனிதரின் கதையைத்தான் சொன்னோம்.

வறட்சி இல்லாமலே பஞ்சம் வருவதும் உண்டு. 1943-இல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டனர். அங்கு வயல் வெடிக்கவில்லை. யுத்தச் செலவால் விலை மேலே போயிற்று, பர்மா அரிசி நின்றது, 1942-இன் புயல் ஒரு பகுதியை அழித்தது, பதுக்கல்காரர்கள் பதுக்கினர், ஆட்சியாளர் பாராமுகமாக இருந்தனர். கல்கத்தாவின் கடைகளில் அரிசி இருக்கவே, அக்கடைகளின் வாசற்படியில் நாட்டுப்புற ஏழைகள் வீழ்ந்து மடிந்தனர். சிறுவயதில் அதனைக் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் பொருளாதார நிபுணராகி, 1981-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். பஞ்சமாவது உணவு இல்லாமை என்பதைவிட உணவைப் பெறும் வழி சிலருக்கு இல்லாமற் போவதே என்று நிறுவினார். நமது பழைய தேசியத் தலைவர்களான தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தரும் வேறு வகையில் இதனையே சொல்லிப் போராடினார்கள். வானத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளாதே, கஜானாவைக் காட்டு என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

நிற்க. தாது வருஷத்தின் பின்விளைவாக 1880-இல் பஞ்சக் கமிஷனின் அறிக்கையும், அதை ஒட்டிப் பஞ்சச் சட்டக்கோவைகளும் வந்தன. அவற்றில் தட்டுப்பாடு என்று ஒரு படி, பஞ்சம் என்று அதற்கு மேற்பட்ட ஒரு படி எனத் தரம் பிரித்தார்கள். எந்தப் பெயரைச் சூட்டுகிறார்களோ அதற்கேற்ற கடமை சர்க்காருக்கு ஏற்பட்டது. அன்று முதல் இவ்விரு சொற்களும் இலக்கணப் புலவர்களின் சொத்தாக இராமல் கஜானாவின் சாவிகளாயின. சாவி வைத்திருப்பவர் அதனை எளிதில் வெளியே எடுப்பாரா? பெயர் சூட்டாமல் காலங்கடத்துவதும், சூட்டவேண்டி வந்தால் சிறிய பெயராகச் சூட்டுவதும் அன்று தொடங்கிய வித்தை.

அன்னியர் போனபின் அவ்வித்தையும் உடன் போயிற்று என்று நாம் சொல்ல இயலவில்லை. மகாராஷ்டிர ராஜ்யத்தில் 1963-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். அந்த ராஜ்யத்துச் சட்டங்களில் 'பேமின்' என்ற சொல் எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் அதனை நீக்கிவிடவேண்டும் என்பதே அச்சட்டத்தின் நோக்கம்! சொல்லைச் சட்டம் போட்டு நாடு கடத்திய விநோதத்தை வேறு எங்கும் நாம் கேட்டதில்லை. ஆயினும் நியாயம் சொல்லவேண்டும்: 1972-73-இல் அங்கே கொடிய வறட்சி வந்தபோது, நிவாரண வேலைகளில் உச்ச காலத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு வேலை கொடுத்துப் பெருஞ்சாவைத் தடுத்தார்கள். சொல்லை விரட்டியவர்கள் பொருளையும் பெருமளவு விரட்டினார்கள். நமக்குள்ள ஐயம் வேறு. பொருள் மறுபடி வந்து நின்றால் அதனைச் சுட்டிக்காட்டச் சட்டத்தில் சொல் இல்லையே, என்ன செய்வது?

'பேமின்' போனதுபோல் 'டிரௌட்'டும் போகத் தொடங்கியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்திய வானிலை இலாகா, நாடு முழுவதற்கும் பொதுவான தன் அறிக்கைகளில் வறட்சி ஆண்டு என்ற வழக்கை விட்டு, மழை குறைந்த ஆண்டு என்று குறிக்கத் தீர்மானித்தது. வானிலை நிபுணர்கள் மழையை அளப்பவர்கள். வறட்சி என்பது மண், பயிர், நீர்நிலை யாவற்றையும் சேர்த்துத் தீர்மானிக்கவேண்டியது. ஆகவே அது தங்கள் வேலை அன்று என்பது அவர்கள் கூறிய சமாதானம். அது அறிவுக்கு ஒத்ததே. ஆனால் வறட்சி என்று சொல்லும் கடமை பின் யாருடையது? அதே ஆண்டு மே 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சுவராஜ் அபியான் என்ற ஸ்தாபனம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளிக்கையில், குஜராத், பீஹார், ஹரியானா ஆகிய ராஜ்யங்கள் வறட்சியை ஒப்புக்கொள்ளத் தயங்கியதை, தலையை மண்ணில் புதைத்துக்கொள்ளும் தீக்கோழியின் போக்குக்கு ஒப்பிட்டது. வறட்சியைத் தீர்மானிக்கும் கைந்நூலைத் திருத்தும்படியும் உத்தரவிட்டது. டிசம்பரில் திருத்திய கைந்நூல் வந்தது. மழைக் குறைவு, இடைவிடாத வறண்ட வாரங்கள், விதைத்த பரப்பு, மண்ணின் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு, வானிலிருந்து கோள்கள் எடுக்கும் பயிர்ப் படம் எனப் பல சோதனைகள் அதில் இருக்கின்றன. சாமானிய வறட்சி, கடும் வறட்சி என்று தரமும் பிரித்து, கடும் வறட்சிக்கே மத்திய நிதியிலிருந்து உதவி என்று வைத்துவிட்டார்கள். பாதி கருகினவன் முழுவதும் கருகினால்தான் டில்லிக்குத் தெரிவான்.

கரிசல் கிராமத்துக்குத் திரும்புவோம். 2016-இல் அங்கு மழை பொய்த்தது, பஞ்சம் வரவில்லை. ஏன் வரவில்லை? 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைத்தது. பிள்ளைகள் பள்ளியில் மத்தியானம் சாப்பிட்டன. அச்சாப்பாட்டுத் திட்டத்தைக் காமராஜர் 1956-இல் இதே கரிசலில், எட்டயபுரத்தில்தான் தொடங்கிவைத்தார் என்பதை இவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட நூறு நாள் வேலை, கூலி தாமதமாக வந்தாலும், கண்மாயில் மண்ணள்ளிய பெண்களின் கையில் கொஞ்சம் காசைக் கொடுத்தது. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகள் இருந்தன. வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. தாது வருஷத்தில் ஆட்சியாளர் செய்ய மறுத்த காரியங்களுள் பல, சுதந்திர இந்தியாவில் ஜனங்கள் வாக்குச்சீட்டைக் கொண்டும் போராட்டத்தைக் கொண்டும் செய்வித்தவை. பஞ்சம் வராமற் போனதற்குக் காரணம் இதுவே அன்றி வானத்தின் கருணை அன்று. இதில் நாம் பெருமைப்படலாம்.

ஆனால் இந்தப் பெருமையையே விவசாயியின் வாயை அடைக்கும் துணியாக்குகிறார்கள். சோறு கிடைக்கிறது, ஆகவே வறட்சி இல்லை என்று வாதிப்பது, மூச்சு இருக்கிறது, ஆகவே ஜுரம் இல்லை என்று வாதிப்பது போன்றது. அவ்வூரில் வறட்சி எதனைத் தின்றது என்று நாம் வீடு வீடாகக் கேட்டோம். விதைப்பணத்தை இரண்டு முறை தின்றது. உழவு கூலியைத் தின்றது. எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிச்சென்ற ஆடுகளைப் பாதி விலைக்குத் தின்றது. ஒரு வீட்டில் மகளின் படிப்பைத் தின்றது. அப்பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தாள். இவற்றில் ஒன்றேனும் 'பேமின்' ஆகாது. எல்லாம் 'டிரௌட்' செய்த வேலை. வயிறு நிறைந்திருக்கவே ஒரு குடும்பம் நிலத்தை இழந்து கூலியாகிவிட முடியும்.

நம்மவர்களிடத்தும் குற்றம் இல்லாமலில்லை. ஒவ்வொரு வறட்சியையும் பஞ்சம் என்று கூவினால் அனுதாபம் பெருகும் என்று நமது அரசியல் ஊழியர்கள் நம்புகின்றனர். நடப்பது நேர்மாறு. கேட்பவன் பிணத்தைத் தேடுகிறான், காணவில்லை, பொய் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 2017 மார்ச்சில் தமிழ்நாட்டு விவசாயிகள் டில்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தனர். அவர்கள் கேட்டது கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும். வடநாட்டுப் பத்திரிகைகளில் மண்டையோடுகள் படமாக வந்த அளவுக்கு, அவர்கள் கேட்டது எழுத்தில் வரவில்லை. சாவைக் காட்டினால்தான் வறட்சியைப் பார்ப்பார்கள் என்ற நிலைமைக்கு அவர்களைத் தள்ளியது எது என்று யோசிக்கவேண்டும்.

நமது நண்பரின் மனு விஷயம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். அன்றிரவு கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து அதனைப் புதிதாக எழுதினோம். 'பஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். 'பேமின்' என்பதையும் எடுத்துவிட்டோம். எந்தத் தேதியில் முதல் மழை, எந்தத் தேதியில் விதைப்பு, அதன் பிறகு எத்தனை வாரம் துளி இல்லை, மறுவிதைப்பு எப்போது, எத்தனை ஏக்கர், கண்மாயில் எத்தனை அடி நீர் என்று பெரியவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல இளைஞர் எழுதினார். தேதிகளில் இருவருக்குள் சச்சரவு வந்து, ஒரு கிழவி தன் பேத்தி பிறந்த நாளைக் கொண்டு அதைத் தீர்த்துவைத்தாள். பயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமானால் நிவாரணம் உண்டு என்ற விதியை மேலே எழுதி, அவ்வூரில் சேதம் முழுவதுமே என்று கீழே எழுதினார்கள். ஆங்கிலப் பிரதியின் தலைப்பில் 'டிரௌட்' என்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அம்மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். 2017 ஜனவரி 10-ஆம் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் 32 ஜில்லாக்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்து, நிலவரியைத் தள்ளுபடி செய்தது. நெல்லுக்கும் பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய்; நெல் அல்லாத மானாவாரிப் பயிருக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் விதித்தார்கள். வறட்சி என்ற சொல்லைச் சர்க்கார் உச்சரித்துவிட்டது. மானாவாரிக்காரனின் வறட்சிக்கு மட்டும் ஏன் 2,465 ரூபாய் குறைவு என்று அவ்விளைஞர் இரண்டாவது மனு ஒன்று எழுதத் தொடங்கியிருப்பதாக நமக்குக் கடிதம் வந்தது.